ஃபேடர் ஏன் அசையவில்லை? – கன்ட்ரோல் சர்ஃபேஸ்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ரெக்கார்டிங் மென்பொருளின் ஒலி அளவுகளை, மேலும் கீழும் தள்ளும் பிடிகளால் (ஃபேடர்) கையால் மாற்ற உதவுவது கன்ட்ரோல் சர்ஃபேஸ் என்ற ஃபேடர் பலகை. வீட்டு ஸ்டுடியோக்களில் இதை வாங்கி வைப்பது பெருகியிருக்கிறது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளைப் படித்தால், பலகையை வாங்கியவர்களில் பலர் அதைப் பாதிதான் இணைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். கன்ட்ரோல் சர்ஃபேஸ் வழியாக ஒலி போவதில்லை, கட்டளை மட்டுமே போகிறது. ஒலியின் தரம், மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸைப் பொறுத்தது. பலகை, கைக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்கும் தூதுவன். தூதுவன் என்றால் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தத் திரும்பி வரும் பாதையில்தான் இருக்கின்றன.

கே: பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் பலகையை ரீப்பர் ரெக்கார்டிங் மென்பொருளில் இணைத்தேன். ஃபேடரைத் தள்ளினால் திரையில் நகர்கிறது. மவுஸால் திரையில் நகர்த்தினால் பலகையில் ஒன்றும் அசையவில்லை. ட்ராக் பெயர் காட்டும் சின்னத் திரைகளும் காலியாக இருக்கின்றன. மோட்டார் போய்விட்டதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: மோட்டார் பழுதானால் ஒன்றோ இரண்டோ ஃபேடர்தான் படுக்கும். ஒன்பதும் சேர்ந்து அசையாமல், பெயரும் வராமல் இருந்தால், கணினியிலிருந்து பலகைக்குச் செய்தியே வரவில்லை என்று பொருள். பலகையும் மென்பொருளும் கட்டளை பரிமாறும் மொழி மிடி. நீங்கள் மிடி இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மிடி அவுட்புட்டை விட்டுவிட்டீர்கள்.

ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் 'கன்ட்ரோல்/ஓஎஸ்சி/வெப்' என்பதற்குப் போங்கள். ஏற்கெனவே சேர்த்த வரியை இரண்டு முறை சொடுக்குங்கள். 'மேக்கி கன்ட்ரோல் யூனிவர்சல்' என்று இருக்க வேண்டும். மிடி வழியாகப் பலகைகள் பேசும் ஒரு பொது முறை அது; கீழே 'மேக்கி மொழி' என்று சொல்வது இதைத்தான். அதில் மிடி இன்புட், மிடி அவுட்புட் இரண்டிலும் 'எக்ஸ்-டச் ஐஎன்டி' என்ற போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பியில் இணைத்தால் இந்தப் பலகை இரண்டு போர்ட்டாகத் தெரியும். 'ஐஎன்டி' என்பது பலகையே. 'இஎக்ஸ்டி' என்பது பலகையின் பின்பக்கம் இருக்கும் வட்ட மிடி துளைகள். அங்கே கீபோர்டு செருகினால்தான் அதற்கு வேலை. விண்டோஸ் சில கணினிகளில் இந்தப் பெயர்களைக் காட்டாமல் முதலாவதை 'எக்ஸ்-டச்' என்றும் இரண்டாவதை 'மிடிஇன்2' என்று தொடங்கும் பெயரிலும் காட்டும். அங்கே முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். இன்புட்டை ஒன்றிலும் அவுட்புட்டை மற்றொன்றிலும் வைத்தாலும் இதே கோளாறு வரும்.

பிறகு அதே பிரிஃபரன்சஸில் மிடி இன்புட் சாதனங்கள் உள்ள பக்கத்துக்குப் போய், எக்ஸ்-டச் ஐஎன்டி-யை இன்புட் பட்டியலில் டிசேபிள் செய்துவிடுங்கள். அங்கே அது செயலில் இருந்தால் ரீப்பர் பலகையை ஒரு கீபோர்டாகவும் எண்ணிக்கொள்ளும். அதனால் வரும் தொல்லையை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

இதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் பலகையின் மோடைப் பாருங்கள். முதல் சானலின் செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவர் போடுங்கள். முதல் திரையில் மோட் தெரியும். முதல் நாபைத் திருப்பி 'எம்சி' (மேக்கி கன்ட்ரோல்) என்று வையுங்கள். இரண்டாவது நாபில் இணைப்பு வகை, அது யுஎஸ்பி. மறுபடி அதே செலக்ட் பொத்தானை அழுத்தினால் பதிவாகிவிடும். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பலகையோ, கைமாறி வந்த பலகையோ வேறு மோடில் இருப்பது மிகச் சாதாரணம். பலகை எச்யூஐ என்ற வேறொரு மொழி பேச, மென்பொருள் மேக்கி மொழியை எதிர்பார்த்தால், இரண்டு போர்ட்டும் சரியாக இருந்தாலும் பேச்சு நடக்காது.

விண்டோஸில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான மிடி டிரைவர்கள் ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் கொடுக்கும். பின்னணியில் வேறொரு இசை மென்பொருளோ, பலகையின் எடிட்டரோ திறந்திருந்தால் ரீப்பருக்குப் போர்ட் கிடைக்காது. அதை மூடிவிட்டு ரீப்பரை மறுபடி திறங்கள். மேக் கணினியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரே போர்ட்டைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

கே: கியூபேஸ் மென்பொருளில் பாட்டுக்கு மிடி வாசித்துப் பதிவு செய்யும்போது, ஃபேடரில் கை வைத்தாலே மிக உயர்ந்த சுருதியில் ஒரு பியானோ ஒலி 'டிங்' என்கிறது. பதிவிலும் அந்த ஸ்வரம் விழுகிறது.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: பலகை சரியாகத்தான் வேலை செய்கிறது. மேக்கி மொழியில் எல்லாப் பொத்தானும் மிடி ஸ்வரமாகத்தான் போகும். ஃபேடரைத் தொட்டதையும் ஸ்வரமாகத்தான் சொல்லும்: எட்டு ஃபேடருக்கு 104 முதல் 111 வரை, மாஸ்டருக்கு 112. கியூபேஸின் கணக்கில் 104 என்பது ஜி ஷார்ப் 6. நீங்கள் கேட்ட 'டிங்' அதுதான். ஃபேடரின் நிலை பிட்ச் பெண்ட் என்ற, சுருதியை வளைக்கும் மிடி கட்டளையாகப் போவதால், ஃபேடரைத் தள்ளும்போது வாத்தியத்தின் சுருதியும் வழுக்கும்.

ஸ்டுடியோ மெனுவில் ஸ்டுடியோ செட்டப் திறந்து, மிடி போர்ட் செட்டப் பக்கத்துக்குப் போங்கள். பலகையின் இன்புட் வரியில் 'இன் ஆல் மிடி இன்புட்ஸ்' என்ற பத்தியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். மேக்கி கன்ட்ரோல் என்று நீங்கள் சேர்த்த சாதனத்துக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. அது போர்ட்டைத் தனியாகப் படிக்கிறது. ஏபிள்டன் லைவ் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மிடி அமைப்பில் அந்தப் போர்ட்டுக்கு எதிரே 'ட்ராக்' என்பதை அணைத்தால் போதும்.

புதுப் பலகை இணைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. பதிவு முடிந்த பிறகு நூறு ட்ராக்கில் சிதறிக் கிடக்கும் ஜி ஷார்ப் ஸ்வரங்களைப் பொறுக்குவது பெரும்பாடு.

கே: ட்ராக் பெயர்களைத் தமிழில் வைத்தேன். தவில், நாதஸ்வரம், ஒத்து என்று திரையில் அழகாகத் தெரிகிறது. பலகையில் மட்டும் குப்பை எழுத்தாகவோ வெற்றிடமாகவோ வருகிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ப: தமிழில் பெயர் வைக்கும் உங்கள் விருப்பம் எங்களுக்கும் உண்டு. ஆனால் இதைச் சரிசெய்ய வழியில்லை. மிடி 1983-இல் வந்த மொழி. அதில் ஒரு தகவல் அலகு 0 முதல் 127 வரை உள்ள எண்ணை மட்டுமே தாங்கும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினியில் அதைவிடப் பெரிய எண்களால் ஆனது. ஆகவே மேக்கி மொழியில் தமிழ் எழுத்து பலகைக்குப் போய்ச் சேராது.

செய்யக்கூடியது இதுதான். மேக்கி மொழியில் ஒரு சானலுக்கு ஏழு எழுத்து இடம். அடுத்த பெயரோடு ஒட்டாமல் இருக்க ஆறுதான் பயன்படும். எச்யூஐ மொழியில் நான்கே. அதனால் எண்ணை முதலில் வைத்து, பிறகு ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதுங்கள். 'தவில் வலந்தலை', 'தவில் தொப்பி' என்று இரண்டு மைக் வைத்திருந்தால், இரண்டையும் முழுதாக ஆங்கிலத்தில் எழுதினால் பலகையில் இரண்டுமே 'தவில்' என்றுதான் தெரியும். '1 டிவிஎல்', '2 டிவிஎல்' என்று வைத்தால் கண்ணுக்கு உடனே பிடிபடும். தமிழ்ப் பெயரை ட்ராக்கின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். பலகையின் திரைக்குக் கீழே ஒரு வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் எழுதுவதும் நல்ல வழி. ஆனால் பேங்க் மாற்றினால், அதாவது ஃபேடர்களை அடுத்த எட்டு ட்ராக்குகளுக்கு நகர்த்தினால், அந்தப் பெயர்கள் பொருந்தாது.

கே: பஜனைப் பாடல்களும் கோயில் திருவிழாப் பாடல்களும் பதிவு செய்கிறேன். ஒரே அறை. சின்ன கோர்க் நானோகன்ட்ரோல்2 போதுமா, மோட்டார் ஃபேடர் வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ப: நானோகன்ட்ரோல்2-இல் எட்டு ஃபேடர், எட்டு நாப், ஒவ்வொரு சானலுக்கும் மூன்று பொத்தான், ப்ளே–ஸ்டாப் பொத்தான்கள் எல்லாம் உண்டு. யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். மோட்டார் இல்லை. தனி அடாப்டர் வேண்டாம், பையில் போட்டுக் கோயிலுக்கும் கொண்டு போகலாம். பதிவு நேரத்தில் ப்ளே, ரெக்கார்ட், லூப் பொத்தான்களுக்காக மட்டுமே வாங்கினாலும் காசு வீணாகாது.

மிக்ஸிங்கில்தான் வேறுபாடு தெரியும். இரண்டு இடங்களில்.

முதலாவது, தாவல். எட்டு ட்ராக்கில் அளவு வைத்துவிட்டு, பேங்க் மாற்றி ஒன்பதாவது ட்ராக்குக்குப் போகிறீர்கள். முதல் ஃபேடர் கீழே கிடக்கிறது, திரையில் ஒன்பதாவது ட்ராக் மேலே இருக்கிறது. ஃபேடரைத் தொட்டதும் ஒலி சட்டென்று கீழே விழும். பாட்டு நடுவில் இது நடந்தால் பாடகரின் ஹெட்ஃபோனிலும் விழும். இதைத் தடுக்க மென்பொருளில் 'பிக்கப்' முறை உண்டு. ஏபிள்டன் லைவில் 'டேக்ஓவர் மோட்' என்ற இடத்தில் 'பிக்-அப்' வையுங்கள். அப்போது ஃபேடர் திரையில் இருக்கும் அளவைக் கடக்கும்வரை ஒன்றும் மாறாது. கடந்த பிறகு பிடித்துக்கொள்ளும். அங்கேயே 'வேல்யூ ஸ்கேலிங்' என்றும் ஒன்று உண்டு. அது இரண்டுக்குமுள்ள தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சேர்த்துவிடும். மோட்டார் ஃபேடரில் இந்தத் தொல்லையே கிடையாது, ஏனென்றால் பேங்க் மாற்றிய உடனே ஃபேடர் தானே சரியான இடத்துக்குப் போய் நிற்கும். மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் முழுக்க இதற்குத்தான்.

இரண்டாவது, படிக்கட்டு. சாதாரண மிடி கட்டளையில் 128 படிகள். 60 மி.மீ. நீளமுள்ள ஃபேடராக இருந்தால் ஒரு படி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். மேக்கி மொழி ஃபேடருக்குப் பிட்ச் பெண்டைப் பயன்படுத்துகிறது. அதில் எழுத 16,384 படிகளுக்கு இடம் உண்டு; மேக்கி கன்ட்ரோல் பலகை உண்மையில் தருவது 1,024 படி. 100 மி.மீ. ஃபேடரில் ஒரு படி 0.1 மி.மீ. ஒரு பாட்டின் கடைசியில் ஹார்மோனியம் மெல்ல மெல்ல அடங்க வேண்டும் என்று ஃபேடரை இழுக்கும்போது, 128 படியில் ஆட்டோமேஷன் கோடு (ஃபேடரின் அசைவை மென்பொருள் பதிவு செய்துவைக்கும் கோடு) படிக்கட்டாக விழும். தாளம் கனமான இடத்தில் அது காதில் விழாது. தம்புரா மட்டும் நிற்கும் இடத்தில் விழும்.

எங்கள் கருத்து: நீங்கள் அதிகம் பதிவு செய்து, மிக்ஸிங்கைச் சென்னைக்கோ வேறு யாருக்கோ அனுப்புபவர் என்றால் சின்னதே போதும். நீங்களே மிக்ஸ் செய்து, ஆட்டோமேஷன் எழுதுபவர் என்றால், எட்டு மோட்டார் ஃபேடருக்குப் பணம் சேரும்வரை ஒரே ஒரு மோட்டார் ஃபேடர் உள்ள பலகை வாங்குங்கள். மோட்டார் இல்லாத எட்டைவிட மோட்டார் உள்ள ஒன்று மேல். மனிதக் காது ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் கவனித்துச் சரிசெய்கிறது.

கே: எஃப்எல் ஸ்டுடியோவில் பலகை வேலை செய்கிறது, விளக்குகள் மட்டும் எரியவில்லை.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: ஆப்ஷன்ஸில் மிடி செட்டிங்ஸ் திறங்கள். மேலே அவுட்புட் பட்டியல், கீழே இன்புட் பட்டியல். பலகைக்கு இரண்டிலும் ஒரே போர்ட் எண் கொடுங்கள். 10 என்றால் இங்கும் 10, அங்கும் 10. எஃப்எல் ஸ்டுடியோ எண்ணை வைத்துத்தான் எந்த வாய் எந்தக் காதுக்குரியது என்று கண்டுபிடிக்கிறது. கன்ட்ரோலர் டைப்பில் 'மேக்கி கன்ட்ரோல் யூனிவர்சல்' வையுங்கள்.

கே: வீடு கடற்கரைக்கு மிக அருகில். இரண்டு வருடத்தில் ஃபேடர்கள் முரண்டு பிடிக்கின்றன. ஒன்று தொடாமலேயே நடுங்குகிறது, ஒன்று பாதி வழியில் நிற்கிறது, ஒன்று தொட்டாலும் தெரியாததுபோல் இருக்கிறது. கான்டாக்ட் க்ளீனர் அடிக்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

ப: அடிக்கும் முன் நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வேறு நோய்கள், ஒரே மருந்து கிடையாது.

எது எது என்று பார்க்க இலவச மென்பொருள் போதும். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர். ரெக்கார்டிங் மென்பொருளை மூடிவிட்டு இதைத் திறந்து, பலகையின் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வரும் செய்திகள் வரிசையாக ஓடும்.

கை வைக்காமலேயே ஒரு ஃபேடரிலிருந்து பிட்ச் பெண்ட் வரிகள் கொட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே நிலையை அளக்கும் தடத்தில் தூசியோ உப்புப் படலமோ படிந்திருக்கிறது. ஃபேடரைத் தொட்டதும் 104 முதல் 112 வரையிலான ஸ்வரம் வர வேண்டும்; வரவில்லை என்றால் தொடு உணர்வில் கோளாறு. இரண்டும் சரியாக வந்து, மோட்டார் மட்டும் பாதி வழியில் திணறினால், தண்டிலோ பெல்ட்டிலோ அழுக்கு.

தடத்தில் அழுக்கு என்றால்: பவர் ஒயரைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதியால் ஃபேடரின் பிளவில் பலமாக ஊதுங்கள், மென்மையான தூரிகையால் துடையுங்கள். பிறகு ஃபேடரைக் கையால் அடிமுதல் நுனிவரை முப்பது முறை மெதுவாக ஓட்டுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். தீராவிட்டால் ஃபேடருக்கென்றே விற்கும், மசகு கலந்த க்ளீனரை மட்டும் வாங்கி, நீண்ட மெல்லிய குழாயால் ஒரே ஒரு சிறு பீய்ச்சல். பொதுவான கான்டாக்ட் க்ளீனர் அழுக்கோடு சேர்த்துத் தண்டில் இருக்கும் மசகையும் கழுவிவிடும். இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு, மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாகும். துருவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 வகை எண்ணெய் கூடவே கூடாது. அது தூசியைப் பிசினாக்கி உள்ளேயே ஒட்டவைக்கும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். பாதி வழியில் நிற்கும் ஃபேடரைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அதை எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் விடுங்கள்.

தொட்டாலும் தெரியாத ஃபேடருக்கு முதலில் அதன் தொப்பியை, அதாவது விரல் வைக்கும் மேல்பிடியை, பாருங்கள். தொடு உணர்வுள்ள ஃபேடரின் தொப்பியில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கும். அதன் வழியாகத்தான் உங்கள் விரல் கணக்கில் வருகிறது. உடைந்ததற்குப் பதிலாகச் சாதாரணப் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருந்தால் தொடு உணர்வு போய்விடும். நகத்தாலோ பேனாவாலோ தள்ளினாலும் அப்படித்தான். வியர்வையும் உப்பும் படிந்த தொப்பியை ஐசோபிரபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், பலகை மேல் ஊற்றாதீர்கள்.

இனிமேல் வராமலிருக்க: உப்புக்காற்றைவிட அதிகம் கெடுப்பது, ஏசி போட்டுக் குளிர்ந்த பலகை மேல் ஜன்னல் திறந்ததும் படியும் பனித்துளி. குளிர்ந்த பரப்பில் ஈரக்காற்று படும்போது நீர் படியும். அதில் உப்பு கரைந்து செம்பிலும் வெள்ளியிலும் ஏறும். ஏசியை அணைத்த பின் ஒரு மணி நேரமாவது ஜன்னலை மூடியே வையுங்கள். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பலகையை வாரக்கணக்கில் அணைத்தே போடாதீர்கள். தினம் அரை மணி நேரம் பவரில் இருந்தால் உள்ளே இருக்கும் இளஞ்சூடே ஈரத்தை ஓட்டும். வெளியூர் போகும்போது மூடியுள்ள பெட்டியில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலத்தில் நச்சுள்ள கோபால்ட் இருப்பதால், சமையல் பாத்திரத்தில் வறுத்துக் காயவைக்கும் வழக்கம் வேண்டாம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரை கடந்தது நம் கடற்கரையில்தான். புயல் எச்சரிக்கை வந்தால் பவர் ஒயர், யுஎஸ்பி, லேன் கேபிள் மூன்றையும் கழற்றிப் பலகையைத் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

கே: ஆட்டோமேஷனை 'டச்' மோடில் எழுதும்போது, ஃபேடரைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் நடுவில் விட்டுவிட்டுப் பழைய அளவுக்கு ஓடுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.
– வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

ப: இரண்டாவது வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. உங்கள் எர்த் சரியில்லை.

'டச்' மோடில் ஃபேடரைத் தொட்டிருக்கும்வரை எழுதும், விட்டதும் பழைய கோட்டுக்குத் திரும்பும். நீங்கள் விடவில்லை, ஆனால் பலகை 'விட்டுவிட்டார்' என்று நினைக்கிறது. தொடு உணர்வு என்பது உங்கள் உடலுக்கும் பலகையின் மின் தரைக்கும் நடுவே இருக்கும் மிகச் சிறிய மின் தேக்கத்தை அளப்பது. அந்தத் தரை எர்த்தோடு சேராமல் மிதந்தால், இரண்டு பின் சார்ஜரிலிருந்து கசியும் மின்னோட்டம் அந்த அளவைக் கலைத்துவிடும். லேப்டாப்பின் உலோக உடலை லேசாகத் தடவும்போது விரலில் விறுவிறு என்கிறதா? அதே கசிவுதான்.

பலகையின் பவர் ஒயர் மூன்று பின் உள்ளதாக இருந்தால், எர்த் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். இரண்டு பின் மாற்றி போட்டுச் செருகாதீர்கள். லேப்டாப், பலகை, ஆடியோ இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எர்த்திலிருந்து, ஒரே ஸ்பைக் கார்ட் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். சாக்கெட்டின் மேல் துளையில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்பதை எலக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் துளை இருக்கும், ஒயர் இருக்காது. இது ஃபேடருக்காக மட்டும் இல்லை, மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிருக்காகவும்.

எர்த் சரியாகும்வரை 'லேட்ச்' மோடில் எழுதுங்கள். அதில் கையை விட்டாலும் கடைசி அளவிலேயே நிற்கும், நிறுத்தும்வரை எழுதும். எழுதி முடித்ததும் மறக்காமல் 'ரீட்' மோடுக்குத் திரும்புங்கள்.

கே: ப்ரோ டூல்ஸில் மேக்கி கன்ட்ரோல் என்ற பெயரையே காணோம்.
– வாசகர், பண்ருட்டி

ப: ப்ரோ டூல்ஸ் மற்ற நிறுவனங்களின் மிடி பலகைகளிடம் எச்யூஐ மொழியில்தான் பேசும். பலகையை எச்யூஐ மோடுக்கு மாற்றுங்கள். செட்டப், பெரிஃபெரல்ஸ், மிடி கன்ட்ரோலர்ஸ் என்று போய், டைப்பில் எச்யூஐ, 'ரிசீவ் ஃப்ரம்' 'சென்ட் டு' இரண்டிலும் அதே பலகை, சானல் எண்ணிக்கை 8. இப்படி நான்கு வரிசை உண்டு. ஆக மொத்தம் 32 சானல்.

ப்ரோ டூல்ஸ் நொடிக்கு ஒரு முறை 'இருக்கிறாயா?' என்று பலகையைக் கேட்கும், பலகை 'இருக்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தொடர்பு இல்லை என்று அறிவிப்பு வரும். பாட்டு நடுவில் அப்படி வந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள், யுஎஸ்பியைப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் திறந்து, ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கும் இன்டர்ஃபேஸும் பலகையும் ஒரே பவரில்லாத ஹப்பில் தொங்கினால், மூன்றும் 500 மில்லி ஆம்பியருக்காகச் சண்டை போடும்.

கே: ஒரு முக்கியப் பலகை, கூடுதல் ஃபேடர்களுக்காக ஒரு எக்ஸ்டெண்டர் (துணைப் பலகை). ஒன்பதாவது ட்ராக் இடப்பக்கமும் முதல் ட்ராக் வலப்பக்கமும் வருகிறது.
– ஸ்டுடியோ நடத்தும் வாசகர், புதுச்சேரி

ப: கியூபேஸ், லாஜிக் இரண்டிலும் பலகைகளை அமைப்பில் எந்த வரிசையில் வைக்கிறீர்களோ அந்த வரிசையில்தான் ட்ராக்குகள் வரும். லாஜிக்கில் கன்ட்ரோல் சர்ஃபேசஸ் செட்டப் திரையில் படத்தை இழுத்து இடம் மாற்றினால் போதும். ரீப்பரில் வரிசைக்கு வேலை இல்லை, 'சர்ஃபேஸ் ஆஃப்செட்' என்ற எண்தான்: இடப்பக்கப் பலகைக்கு 0, அடுத்ததற்கு 8.

கே: பலகை வாங்கப் பணம் இல்லை. பழைய டேப்லெட் இருக்கிறது. அதை ஃபேடராக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, காலாப்பட்டு

ப: முடியும், நன்றாகவே வேலை செய்யும். டச்ஓஎஸ்சி போன்ற ஆப்களில் ஓஎஸ்சி என்ற மொழி இருக்கிறது. அது மிடி போலின்றி வைஃபை வழியாகப் போகும். 128 படிக்கட்டும் இல்லை.

கணினியும் டேப்லெட்டும் ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும். கல்லூரி விடுதி வைஃபை பெரும்பாலும் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க விடாது. அங்கே உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் சேருங்கள், இணையம் தேவையில்லை. ரீப்பரில் கன்ட்ரோல்/ஓஎஸ்சி/வெப் பக்கத்தில் ஓஎஸ்சி சேர்த்து, டேப்லெட்டின் ஐபி முகவரியையும் அதன் போர்ட்டையும் கொடுங்கள், உதாரணமாக 9000. ரீப்பர் கேட்கும் போர்ட் 8000 என்று வையுங்கள். டேப்லெட்டில் இதையே தலைகீழாக: கணினியின் ஐபி, அனுப்புவது 8000, பெறுவது 9000. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும், அல்லது விண்டோஸ் ஃபயர்வால் ரீப்பரைத் தடுத்திருக்கும். முதல் முறை ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுத்துவிடுங்கள். மறுநாள் ஐபி மாறி இணைப்பு அறுந்தால், ரவுட்டரில் கணினிக்கும் டேப்லெட்டுக்கும் நிலையான முகவரி ஒதுக்கலாம்.

கண்ணாடியைத் தொடும்போது விரலுக்கு ஃபேடரின் இடம் தெரியாது என்பதுதான் குறை. அதற்கு டேப்லெட் மேல் 0 டெசிபல் கோட்டில் மெல்லிய டேப் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஃபேடரை இறக்குகிறேன், ஒலி சற்றுத் தாமதமாக இறங்குகிறது. பலகை மந்தமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

ப: பலகை அனுப்பும் கட்டளை ஓரிரு மில்லிநொடியில் போய்ச் சேர்ந்துவிடும். தாமதம் ஒலி பக்கம். கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்து அனுப்புகிறது; அந்தத் தொகுதியின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 512 சாம்பிள் என்றால் 10.7 மில்லிநொடி, 1024 என்றால் 21.3, 2048 என்றால் 42.7. அதோடு மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ என்ற ஒலி திருத்தும் ப்ளகின் ஒன்று 4096 சாம்பிள் எடுத்துக்கொண்டால் இன்னும் 85 மில்லிநொடி. கை முன்னே போய்விடுகிறது, காது பின்னால் வருகிறது. அதனால் நீங்கள் தேவைக்கு மேல் இறக்கி, பிறகு ஏற்றுகிறீர்கள். ஆட்டோமேஷன் கோடு பாம்பாக நெளிகிறது.

ஆட்டோமேஷன் எழுதும் நேரத்துக்கு மட்டும் மாஸ்டரில் உள்ள லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்ற கனமான ப்ளகின்களை பைபாஸ் செய்யாமல் முழுதாக அணையுங்கள். பைபாஸ் செய்தாலும் பல மென்பொருள்களில் அந்தத் தாமதம் அப்படியே நிற்கும். பஃபரை 256-க்கு இறக்குங்கள். கியூபேஸில் ஏஎஸ்ஐஓ-கார்ட் என்பது ஒலியை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதால் தாமதத்தைக் கூட்டும். அதன் அளவை 'லோ'வில் வையுங்கள். பதினாறு ட்ராக் பாட்டுக்கு இன்றைய சாதாரண லேப்டாப் இதைத் தாங்கும். எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம். எழுதிய கோடு மாறாது.